நாலு மணி பத்து நிமிஷம்

சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் நடுவே ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் என்றும், அதை விமானம் நாலு மணி பத்து நிமிஷத்தில் கடந்துவிடும் என்றும் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு முடிந்துபோனது. அன்றைக்கு நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானம் நூற்றிரண்டு பேரோடு இறங்கியது. மற்ற எழுபத்தெட்டு இருக்கைகளிலும் பெல்ட் மாட்டியபடியே இருந்தது, ஆள் மட்டும் இல்லை. பதறவேண்டியவர்கள் பதறி, அழவேண்டியவர்கள் அழுது, தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவை விரித்துவைத்த நேரத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு எட்டுப் பேர், மறுநாள் காலை பதினைந்து பேர், ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் என்று அதே கண்ணாடிக் கதவு வழியாக, தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு, "பரவால்ல, இன்னைக்கு சொன்ன நேரத்துக்கு வந்துட்டான்" என்று சொல்லியபடியே வெளியே வந்தார்கள். கேட்டால், இப்போதுதானே இறங்கினோம் என்றார்கள்.

அடுத்த வாரம் இன்னொன்றும் நடந்தது. விமானம் கடலுக்கு மேலே இருக்கும்போதே அதில் ஏறியிருந்த மூன்று பேர் திருச்சியில் வெளியே வந்து நின்றுகொண்டு, தங்கள் பெட்டி வருவதற்காக மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள்.

விஞ்ஞானிகள் ரெண்டு பேர் வந்தார்கள். கருவியை வைத்து அளந்து, தூரம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை. விமான நிலையத்தில் விசாரணைப் பிரிவில் இருந்த திரேசா மேடம் ஒரு வெள்ளைப் பலகையைச் சுவரில் மாட்டி, மேலே 'வந்துகொண்டிருப்பவர்கள்' என்று எழுதி, கீழே பெயரையும் இருக்கை எண்ணையும் மார்க்கர் பேனாவால் வரிசையாக எழுதினார். ஒருவர் வந்துசேர்ந்தால் துடைத்துவிடுவார். காத்திருப்பவர்களுக்கு நாற்காலியும் குடிதண்ணீர் டிரம்மும் வந்தன. சுண்டல் விற்பவர்கள் வந்தார்கள். ஒரு மாதத்தில் அது பஸ் தாமதம் போலச் சாதாரணமாகிவிட்டது.

ஊர்களில்தான் சாதாரணமாகவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார்கள், அவர்கள் வந்துசேர எடுத்துக்கொள்கிற நேரம் அவர்கள் மனசிலிருக்கிற ஆசையின் அளவு என்று ஊர் ஒரே வாரத்தில் முடிவு கட்டிவிட்டது. ரெண்டு மணி நேரத்தில் வந்தவனின் மனைவி தெருவில் நடக்கிற நடையே மாறிப்போனது. ஒன்பது நாள் கழித்து வந்தவன், வீட்டில் லீவு முழுக்கச் சோற்றுக்குப் பதிலாக ஏச்சைத் தின்றான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் வேலை என்ன, சம்பளம் என்ன என்பதற்கு முன்னால் "மாப்பிள்ளை போன லீவுக்கு எவ்வளவு நேரத்துல வந்தாரு?" என்று கேட்டார்கள். பதினெட்டே நிமிஷத்தில் வந்து ஜில்லாவையே அசத்திய ஒருவன், மாலையோடு நின்ற மனைவியைத் தாண்டிப் போய் மச்சானிடம் "காளை நல்லாருக்கா?" என்று கேட்ட கதையும் உண்டு. வாடிவாசலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது, பாவம், அவன் மனசு அங்கே கட்டிக் கிடந்தது.

இந்த விஷயத்தில் எல்லாரையும்விட விவரம் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன் மேலக்கொன்றையூர் அடைக்கலம். நாற்பத்தாறு வயசு, பழைய டவேரா வண்டி ஒன்று, இருபது வருஷமாக ஏர்போர்ட் சவாரி. ஆட்களை அழைத்துவரப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய், எல்லாரையுமாக ஏற்றிக்கொண்டு திரும்புவது அவன் தொழில். வண்டியில் ஏறும் முகங்களைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, "மூணு மணி நேரம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்க" என்றோ, "மாத்துத்துணி எடுத்துக்கங்கம்மா, நாளாகும்" என்றோ சொல்வான். பெரும்பாலும் பலித்தது. மற்ற டிரைவர்கள் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த சவாரி ஒப்புக்கொண்டார்கள்.

அவன் மனைவி சிந்தாமணியும் சிங்கப்பூரில்தான் இருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் பிள்ளைக்காகப் பார்த்த வைத்தியமெல்லாம் ஓய்ந்து, வீட்டில் ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில், ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்து நாற்பது நாளான பெண்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னார். சிந்தாமணி உடனே சரி என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது அடைக்கலத்துக்கு வலித்தது, ஆனால் அவன் வலித்தது என்று சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயசு. பெயர் யீ லிங்.

அங்கே இருப்பவர்களிடம் இங்கே இருக்கிற குறையைச் சொல்லக் கூடாது என்பது அந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் எழுதாமலே எல்லாரும் மதிக்கிற சட்டம். கடல் தாண்டிப் போன பிள்ளை அங்கே கட்டிடச் சாரத்தின் மேலே நின்று வேலை செய்கிறது, அதன் மனசைக் கலைக்கலாமா என்பார்கள். தகப்பன் செத்ததையே காரியம் முடிந்த பிறகு சொன்ன வீடுகள் உண்டு. அடைக்கலமும் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. தினமும் சாயங்காலம் போனில் அவள் "எப்புடி இருக்கிய?" என்று கேட்பாள், அவன் "இங்க ஒரு கொறையும் இல்ல, நீ ஒடம்பப் பாத்துக்க" என்பான். கால் முறிந்து நாற்பது நாள் படுத்திருந்தபோதும் அதையேதான் சொன்னான்.

மாயம் ஆரம்பித்த பிறகு சிந்தாமணி வந்த முதல் லீவு அது. வியாழக்கிழமை மதிய விமானம். அடைக்கலம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, விமானம் சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே திருச்சியில் போய் நின்றான். எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. அவன் உள்ளுக்குள் இருபது நிமிஷம் என்று கணக்குப் போட்டிருந்தான். கூடிப்போனால் அரைமணி. டிரைவர்களும் கூடி நின்று கதவையே பார்த்தார்கள்.

இருபது நிமிஷம் ஆனது, ரெண்டு மணி நேரம் ஆனது, விமானமே வந்து இறங்கியது, அதில் வந்தவர்கள் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், போனார்கள், சுண்டல்காரர் கூடையை மடக்கினார். திரேசா மேடம் தயங்கித் தயங்கிப் பலகையில் எழுதினார்: சிந்தாமணி அடைக்கலம், 27 சி.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும். அவளுடைய பெட்டி மட்டும் முதல் நாளே வந்துவிட்டது, நீல நைலான் கயிறு கட்டி, மேலே அவள் கையெழுத்தில் அவன் பெயர் எழுதியது. ஆள் வராமல் பெட்டியைக் கொடுக்கமாட்டார்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள திரேசா மேடம் அனுமதி வாங்கிக் கொடுத்தார். அவன் சவாரியெல்லாம் விட்டுவிட்டு, காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முந்தின வாரம் வரைக்கும் அவனிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் இப்போது அவனைப் பார்த்தால் டயரைக் குனிந்து பார்த்தார்கள்.

ஏழாம் நாள் அவன் அக்கா பூரணம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"ஊருல என்னென்னவோ பேசுறாக தம்பி. அங்க யாரோ இருக்காகன்னு பேசுறாக. வராதவளுக்காக நீ ஏன் இங்க கெடந்து காயிற? வீட்டுக்கு வா."

"வந்துக்கிட்டு இருக்கான்னு போர்டுல போட்டிருக்குல்லக்கா."

"போர்டுல போட்டா வந்துருவாளா?"

அவன் தூக்கைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். அக்கா சொன்னதை அவன் நம்பவில்லை, ஆனால் அவனே இத்தனை நாள் இத்தனை பேருக்கு இப்படித்தானே நேரம் பார்த்துச் சொல்லியிருக்கிறான், சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். தூக்கை மூடி வைத்தான். அவமானத்தைக்கூட அவன் தாங்கிக்கொள்வான். அவள் இந்த வானத்தில் எங்கேயோ ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு தன்னிடம் வர மனசில்லாமல் இருக்கிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் சிங்கப்பூர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சிந்தாமணியின் முதலாளியம்மா, ஆங்கிலத்தில் அவள் வந்துவிட்டாளா என்று கேட்டார். அவன் "நோ மேடம், கமிங், கமிங்" என்றான். அந்தப் பக்கம் ஏதோ இழுபறி நடந்து, போன் கைமாறியது.

"அடைக்கலம் மாமாவா? சாப்புட்டியளா?"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்னக் குரல், ஆனால் அந்த 'சாப்புட்டியளா' மேலக்கொன்றையூர் தெருவில் நின்று கேட்டது போல இருந்தது. ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் சிந்தாமணி ஆறு வருஷம் பேசிய பேச்சையெல்லாம் அந்தக் குழந்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது.

"சாப்புட்டேன் பாப்பா. நீதான் யீ லிங்கா?"

"ஆமா. ஆத்தா வந்துருச்சா?"

"இன்னும் வல்ல."

"நல்லது" என்றது குழந்தை.

குழந்தை கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "நான்தான் புடிச்சு வச்சிருக்கேன் மாமா. பல்லு வெளக்கும்போது ஒருக்கா, சோறு திங்கும்போது ஒருக்கா, படுக்கும்போது ஒருக்கா, போவாத ஆத்தா போவாதன்னு அழுவுவேன். அதான் போக முடியல."

"பாப்பா, அது எம் பொண்டாட்டி." அவனுக்கே தன் குரல் கேவலமாகக் கேட்டது. ஆறு வயசுப் பிள்ளையிடம் வழக்காடுகிறான்.

"தெரியும். ஆனா ஒங்களுக்குத்தான் ஒரு கொறையும் இல்லையே? ஆத்தா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசும், நான் தெனமும் கேப்பேன். ஒரு கொறையும் இல்லன்னுதான சொல்லுவிய. கொறை இல்லாதவங்களுக்கு எதுக்கு ஆத்தா? எனக்குத்தான வேணும்?"

அடைக்கலம் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். ஊர் முழுக்கத் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறது, அதிலும் பெரிய தப்புக் கணக்கு அவனுடையது. வருகிறவர்கள் மனசைத்தான் எல்லாரும் அளந்தார்கள். இங்கிருந்து யார் எவ்வளவு கூப்பிட்டார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. அங்கே ஒரு பிள்ளை வெட்கமில்லாமல் நாளைக்கு மூன்றுமுறை அழுது இழுக்கிறது. இங்கே ஒரு புருஷன் ஆறு வருஷமாக, கட்டுப்பாட்டோடு, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அவளைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் எப்படி வருவாள்?

"கொறை இருக்கு பாப்பா" என்றான்.

"என்ன கொறை?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். டிரைவர்கள் இருந்தார்கள், திரேசா மேடம் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவன் குரலைத் தாழ்த்தாமலே சொன்னான்.

"காலு ஒடஞ்சு நாப்பது நாள் படுத்திருந்தேன், ஒங்க ஆத்தாகிட்ட சொல்லல. தண்ணி மோந்து குடுக்க ஆளு இல்ல. அவ சீப்பு வச்ச எடத்துலயே இருக்கு, முடியோட இருக்கு, அத எடுத்தா அவ நெசமாவே போயிட்டாங்குற மாதிரி ஆயிரும்னு எடுக்கல. கட்டுல்ல அவ பக்கம் படுக்குறதில்ல. சவாரி இல்லாத நாளுலயும் வண்டிய எடுத்துக்கிட்டு இங்க வந்து நிப்பேன் பாப்பா, யாராச்சும் யாரையாச்சும் கட்டிப்புடிச்சு அழுவுறதப் பாத்துட்டுப் போவேன். பிள்ளை இல்லாதது எனக்குப் பெரிசா இல்ல, அவ இல்லாததுதான் பெரிசா இருக்கு. இத ஒருநாளும் அவகிட்ட சொன்னதில்ல. எனக்கு முடியல. அவ இல்லாம என்னால முடியல."

"நீங்க அழுவுறியளா?"

"ஆமா பாப்பா."

"நானும்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெகுநேரம் யோசித்த பிறகு குழந்தை சொன்னது: "சரி. முப்பது நாளு நீங்க வச்சுக்கங்க. நான் விட்டுர்றேன். ஆனா அப்பறம் நீங்க விட்டுரணும். இழுக்கக் கூடாது."

"விட்டுர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது. சிந்தாமணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். அவளுக்கு நாலு மணி பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாள் தாடியோடு நின்றவனை மேலும் கீழும் பார்த்து, "ஏன் இப்புடி எளச்சுப் போயிட்டிய? ஒரு கொறையும் இல்லன்னு சொன்னிய?" என்றாள். திரேசா மேடம் 27 சி-யைத் துடைத்தார்.

அந்த முப்பது நாளும் அவன் குறை சொன்னான். ஆறு வருஷத்துக் குறையையும் வரிசையில்லாமல், நினைவுக்கு வந்தபடியெல்லாம் சொன்னான். அவள் சில நேரம் சிரித்தாள், சில நேரம் "இத ஏன் அப்பவே சொல்லல?" என்று அடித்தாள், கால் முறிந்த கதைக்கு ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள். அதற்குள் விஷயம் டிரைவர்கள் மூலமாக ஊரெல்லாம் பரவி, இத்தனை காலம் நல்லாருக்கோம் நல்லாருக்கோம் என்று போனில் பாடிக்கொண்டிருந்த வீடுகள் பல்வலியிலிருந்து கோழி செத்தது வரைக்கும் சொல்லிப் புலம்ப ஆரம்பித்தன. அங்கே சாரத்தில் நின்றவர்கள் யாரும் விழுந்துவிடவில்லை. பலகையில் பெயர்கள் குறைந்தன. சுண்டல் வியாபாரம் படுத்தது.

முப்பத்தோராம் நாள் காலை ஒன்பது இருபதுக்கு விமானம். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் இருந்தது, ஆனால் ஒப்பந்தத்துக்காக மட்டும் அவள் போகவில்லை என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். உள்ளே போகுமுன் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சின்னப்புள்ளங்க. விட்டுருங்க, என்ன?"

"போயிட்டு வா" என்றான். எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னான்.

போகிறவர்களும் அந்தக் காலத்தில் எல்லாரும் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சிலர் ஒருநாள் ரெண்டுநாள் பிந்தித்தான் இறங்குவார்கள், கம்பெனிகள் கத்திப் பார்த்துவிட்டு அதை லீவாக எழுதிக்கொண்டன. அடைக்கலம் வண்டியை நிறுத்துமிடத்தில் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஒன்றரை மணிக்கு அவள் இறங்கியிருக்கவேண்டும். போன் வரவில்லை. மூன்று மணி ஆனது, வரவில்லை. நாலு மணிக்கு அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது, ஊறும்போதே அது நல்ல சந்தோஷமில்லை என்றும் தெரிந்தது. அவள் அங்கே இல்லை. அவர்களிடம் இல்லை. அவன் பிடித்த பிடியில் வானத்தில் நிற்கிறாள். இதற்கு முன்னால் அவள் இவ்வளவு அவனுடையவளாக இருந்ததே இல்லை.

ஐந்து மணிக்கு முதலாளியம்மாவின் எண்ணுக்கு அவனே அழைத்தான். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தமும் தள்ளுவண்டிகள் உருளும் சத்தமும் கேட்டன.

"மாமா, விட்டுட்டியளா?"

"விட்டுட்டேன் பாப்பா."

"இல்ல. நீங்க விடல." குழந்தை அழவில்லை, கோபப்படவும் இல்லை. சோர்ந்துபோயிருந்தது. "நாங்க ஏர்போர்ட்டுலதான் நிக்கிறோம். எல்லாரும் வந்துட்டாக."

"சாப்புட்டியா?"

"இல்ல. டப்பாவுல சோறு கொண்டாந்திருக்கேன். ஆத்தா வந்து ஊட்டும். ஆறிப்போச்சு."

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு நாளும் அவனுக்கு நினைவு வந்தது. அப்போது அவனுக்குச் சாப்பாடு கொண்டுவர ஒரு அக்கா இருந்தாள். காலையிலிருந்து தான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். வண்டி ஓடவே இல்லை, விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒவ்வொரு விரலாக எடுத்தான். கிளம்புகிறவர்களிடம் எந்த வீட்டிலும் யாரும் சொல்லாத அந்த ஒற்றைச் சொல்லை, முன்கண்ணாடி வழியாகத் தெரிந்த வெறும் வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

"போ, சிந்தா."

போனில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு "ஆத்தா!" என்று ஒரு அலறல், ஓடுகிற காலடிச் சத்தம், எதன் மேலோ மோதி நின்ற சத்தம். குழந்தை போனைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிப்பிடித்திருக்கவேண்டும். துணி உரசுவதும், ரெண்டு பேர் மூச்சும், அழுகையும் அவன் காதுக்குள்ளேயே கேட்டன. "ஏன்டி இன்னம் சாப்புடல? இப்புடித்தான் பட்டினி கெடப்பியா?" என்று சிந்தாமணி திட்டினாள். டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் ஒருவன் இருப்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது, சார்ஜ் தீர்ந்து போன் அணையும் வரைக்கும் அடைக்கலம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.